குளத்தில் அரை அடி நீர்

கிளிநொச்சி,
மாசி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நெல்லைக் கூட்டி அள்ளிய பிறகுதான் உறையைப் பிரித்தேன். மழைக்கால நெல்லான காலபோகம் பரவாயில்லை. மார்கழி வெள்ளம் பள்ளக் காணியை மட்டும் கொண்டுபோனது. மேட்டுக் காணி கைவிடவில்லை.

உன் பேத்தி "நான் இப்போது சொல்வது பொய்" என்று சொல்லிவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும், உனக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். வருந்தாதே. அளவையியலை, அதாவது தர்க்கத்தை, இருபத்தெட்டு வருடம் படிப்பித்த எனக்கும் அதற்கு முழுமையான பதில் தெரியாது. ஆனால் அதைப் பற்றி எழுத ஆசையாக இருக்கிறது. இங்கே இதைப் பேச ஆள் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். கிரேத்தா தீவைச் சேர்ந்த எபிமெனிடிஸ் "கிரேத்தர் எல்லாரும் பொய்யர்" என்றான் என்று நாம் வகுப்பில் படித்தோமே, வேதாகமத்தில் தீத்துவுக்கு எழுதிய நிருபத்திலும் வருமே, அது உண்மையில் சிக்கலே இல்லை. அவன் சொன்னது பொய் என்று வைத்துக்கொள். எப்போதாவது உண்மை சொன்ன கிரேத்தன் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று மட்டுமே ஆகும். அதில் முரண் ஏது? உன் பேத்தியின் வாக்கியம் அப்படித் தப்ப முடியாதது. அது மெய்யென்றால் பொய்யாகும், பொய்யென்றால் மெய்யாகும். அதை அந்த இறுக்கமான வடிவில் கேட்டவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கத் தத்துவ அறிஞர் யூபுலிடிஸ் என்கிறார்கள். நம் பக்கத்திலும் பழைய வடமொழி இலக்கண அறிஞர் பர்த்ருஹரி 'நான் சொல்வதெல்லாம் பொய்' என்பதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். அப்படிச் சொல்பவன் அந்த வாக்கியத்தையே அதற்குள் சேர்த்துச் சொல்ல எண்ணுவதில்லை என்பது அவர் விடை. அழகான விடைதான். ஆனால் உன் பேத்தி அதைச் சேர்த்தேதான் எண்ணினாள், இல்லையா?

நாம் படிப்பித்த விடை தர்க்க அறிஞர் டார்ஸ்கியுடையது. 1933இல் அவர் காட்டியது இது: ஒரு மொழியின் வாக்கியங்களை உண்மை என்றோ பொய் என்றோ சொல்வதற்கு அதற்கு மேற்பட்ட இன்னொரு மொழி வேண்டும், அதைப் பற்றிச் சொல்ல அதற்கும் மேல் ஒன்று. ஆகவே எந்த வாக்கியமும் தன்னையே பொய் என்று சொல்ல முடியாது. கணிதத்துக்காகக் கட்டிய மொழிகளில் இது அசைக்க முடியாதது. நானும் கரும்பலகையில் படிக்கட்டு வரைந்து, இத்துடன் முடிந்தது என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இன்று அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது. தமிழில் பேசும் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டா வாய் திறக்கிறோம்?

இதை எனக்கு உணர்த்தியது கோடை நெல்லான சிறுபோகத்துக்காக எங்கள் குளத்துக் கமக்காரர் கூடிய கூட்டம். என் கணவர் போன பிறகு காணி என் பெயரில் இருப்பதால் கூட்டங்களுக்கு நானே போகிறேன். அன்று மூத்த கமக்காரர் ஒருவர் எழுந்து நான்கு விடயங்கள் சொன்னார். குளத்தில் 14 அடிக்கு மேல் நீர் நிற்கிறது. சென்ற சிறுபோகத்தில் கடைசி வாய்க்கால்வரை நீர் போனது. குளத்து மதகான துருசு திருத்தியாகிவிட்டது. வாய்க்கால் துப்புரவாக்கியாகிவிட்டது. உடனே ஒரு இளைஞர் எழுந்து, "ஐயா இன்று சொன்னவற்றில் பாதிக்கு மேல் பொய்" என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சண்டை வரப்போகிறது என்று நான் பயந்தேன். பெரியவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "தம்பி சொன்னது உண்மைதான்" என்றார். கூட்டம் அமைதியானது.

இரவு படுத்தபிறகுதான் எனக்குத் திடுக்கிட்டது. துருசும் வாய்க்காலும் அப்படியே கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவை இரண்டும் பொய். கடைசி வாய்க்காலில் நீர் போனதை நானே பார்த்தேன், அது மெய். மீதி நீர்மட்டம். விடிந்ததும் குளக்கட்டில் ஏறி அளவுகோலைப் பார்த்தேன். 14 அடி 3 அங்குலம். ஆக இரண்டு மெய், இரண்டு பொய். ஐந்தாவதாக அவர் சொன்ன "தம்பி சொன்னது உண்மை" என்பதே பாதியைத் தீர்மானிக்க வேண்டும். அது மெய்யானால் பெரியவர் சொன்ன ஐந்தில் மூன்று மெய். அப்போது தம்பி சொன்னது பொய். அது பொய்யானால் ஐந்தில் மூன்று பொய். அப்போது தம்பி சொன்னது மெய்! இருவரும் நேர்மையாகப் பேசியவர்கள். ஒருவரும் தன்னைப் பற்றிப் புதிர் போடவில்லை. குளத்தில் அரை அடி நீர் குறைந்திருந்தால் பெரியவர் பேச்சில் மூன்று வெளிப்படையான பொய் ஆகியிருக்கும், இந்தச் சுழல் வந்தே இருக்காது.

இதைத்தான் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சோல் கிரிப்கி 1975இல் எழுதினார். அவருடைய உதாரணம் வாட்டர்கேட் ஊழல் பற்றி அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சொன்னவை, என்னுடையது துருசு. ஒரு வாக்கியத்தின் வடிவத்தைப் பார்த்தோ பொருளைப் பார்த்தோ அது முரணாகும் என்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்க முடியாது. உலகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே அதை முரணாக்குகிறது. ஆகவே முதலில் உண்மை, பொய் என்ற சொற்களே வராத வாக்கியங்களைத் தீர்த்துக்கொள் என்கிறார். பிறகு அவற்றைப் பற்றிப் பேசுபவற்றை, பிறகு அதற்கு மேலுள்ளவற்றை. இப்படி எவ்வளவு போனாலும் எட்டப்படாமல் நின்றுவிடும் வாக்கியங்கள் ஊன்றுகோல் அற்றவை. அவை மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல. நமக்கு இது புரியாதா? குளத்திலிருந்து துருசு, துருசிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். இரண்டு வாய்க்கால்கள் ஒன்றின் வாயை மற்றொன்றில் வைத்துக்கொண்டால் எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் இரண்டும் வறண்டே கிடக்கும். "இந்த வாக்கியம் உண்மை" என்பதில் முரண் ஏதும் இல்லை. ஆனால் அதில் நீரும் இல்லை.

முகாமிலிருந்து திரும்பிய வருடம் உனக்கு நினைவிருக்கும். அடையாள அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழுக்குப் போனால் அடையாள அட்டை கேட்டார்கள். இரண்டும் முள்ளிவாய்க்கால் மணலில் போய்விட்டன. ஏழு மாதம் ஒரு அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்தேன். கடைசியில் யாழ்ப்பாணத்தில் நாம் படித்த பாடசாலையில் மாணவர்களைச் சேர்க்கும்போது எழுதிய சேர்வு இடாப்புத்தான் என்னைக் காப்பாற்றியது. என் தகப்பனார் கையெழுத்திட்ட வரி அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே உன் பெயர். வேறு எந்தத் தாளையும் சாட்சிக்கு அழைக்காத ஒரு தாள். கிரிப்கியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மங்கிய மைதான்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. "இந்த வாக்கியம் உண்மையன்று" என்று எழுது. ஊன்றுகோல் அற்றது, ஆகவே அது உண்மையன்று என்பாய். அது சொல்வதும் அதையேதான்! அப்போது அது உண்மையாகிவிடுகிறதே. இந்த இடத்தில் டார்ஸ்கியின் படிக்கட்டின் ஆவி இன்னும் நம்மை விடவில்லை என்று கிரிப்கியே ஒப்புக்கொண்டார். என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். எட்டப்படாத வாக்கியத்தைப் பற்றி நான் எங்கே நின்று பேசுகிறேன்? நீ யோசித்து எழுது.

பேத்திக்கு இதைக் கொடு. 'குறில்' என்ற சொல்லில் நெடில் எழுத்தே இல்லை, பெயருக்கேற்ற சொல். 'நெடில்' என்ற சொல்லிலும் நெடில் எழுத்து இல்லை! தன் பொருள் தனக்கே பொருந்தாத இத்தகைய சொற்களுக்குப் 'பொருந்தாச்சொல்' என்று பெயர் வைக்கச் சொல். பிறகு 'பொருந்தாச்சொல்' என்பது ஒரு பொருந்தாச்சொல்லா என்று கேள். 1908இல் தத்துவ அறிஞர்களான கிரெல்லிங்கும் நெல்சனும் கேட்ட கேள்விதான் இது. குறிலும் நெடிலும் மட்டும் என் சேர்க்கை.

அடுத்த மாதம் உன் ஊருக்கு வரும் ஒருவரிடம் ஒடியல் கொடுத்துவிடுகிறேன். சிறுபோகத்துக்கு எனக்கு ஒரு ஏக்கர் கிடைத்திருக்கிறது. துருசு இன்னும் திருத்தவில்லை.

அன்புடன்,
உன் தோழி