சுழல் பீரங்கியை அரைகுறையாகக் காட்டாதீர்கள்: கடல்சார் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு ஒரு காட்சிக்கூடத்தில், தரையோடு சிமெண்டு வைத்துப் பூசியிருந்த இரும்புக் குழல் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்து அட்டையில் 'சிறிய பீரங்கி, 16ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் இருந்தது. என்னுடன் வந்த பத்து வயதுச் சிறுமி, குழலின் பின்புறம் இருந்த பள்ளத்தைக் காட்டி, "இது உடைந்துபோனதா?" என்று கேட்டாள். அது ஒரு சுழல் பீரங்கி; அந்தப் பள்ளம்தான் அதன் உயிர். அதைச் சொல்ல அங்கே ஒரு வரிகூட இல்லையே என்ற ஆற்றாமையில் எழுதுகிறேன்.

பாய்க்கப்பலின் விளிம்புச் சட்டத்தில் ஒரு துளை இருக்கும். இரும்புக் கவை ஒன்றின் தண்டு அதில் இறங்கி நிற்கும். கவையின் இரு கொம்புகளுக்கு நடுவே குழல் அமர்ந்திருக்கும்; பின்னால் வால்போல ஒரு கைப்பிடி. ஒரே ஆள் அதைப் பற்றி மேலும் கீழும், இடமும் வலமும் திருப்பலாம். பெரும் பீரங்கிகளின் குறியை வெகுவாக மாற்றக் கப்பலையே திருப்பவேண்டும். படகில் நெருங்கி வந்து, கயிறு வீசி ஏற முயல்கிறவர்களை எதிர்கொள்ள இந்தச் சிறு குழல்கள்தான் கைகொடுத்தன. ஈயக் குண்டு, கல், இரும்புத் துண்டு எனக் கிடைத்ததைப் போட்டுச் சுட்டார்கள். மனிதர்களைக் குறிவைத்த கொடிய கருவி இது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருகிறேன். குழலின் வாய் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்க வேண்டுமானால், குழலை உட்பக்கம் திருப்ப வேண்டும், இல்லையேல் எதிரியின் அம்புக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு வெளியே சாய வேண்டும். இதற்குக் கண்ட வழிதான் தனி மருந்துக் குடுவை. கைப்பிடி வைத்த இரும்புக் குவளைபோல இருக்கும். வெடிமருந்தை அதில் முன்கூட்டியே கெட்டித்து வைத்துக்கொள்வார்கள். குண்டைக் குழலின் பின்புறம் வழியாகவே இட்டு, குடுவையைப் பள்ளத்தில் பொருத்தி, பின்னால் ஓர் ஆப்பை அடித்து இறுக்கினால் ஆயிற்று. சுட்டதும் ஆப்பைத் தட்டி எடுத்து அடுத்த குடுவையை வைக்கலாம். போர்த்துக்கீசியர் இந்தப் பீரங்கியைப் 'பெர்சு' என்றார்கள். அவர்கள் மொழியில் தொட்டிலுக்கும் அதே சொல். குடுவை அந்தப் பள்ளத்தில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் விளங்கிவிடும்.

குறையும் உண்டு. குடுவையும் குழலும் சேரும் இடத்தில் நெருப்புக் காற்று கசியும். குண்டின் வேகம் குறையும். ஆப்பு சரியாக இறுகாவிட்டால் ஆபத்து சுடுகிறவருக்கே. பின்னாளில் ஒரே வார்ப்பாகச் செய்த, வாய்வழிக் கெட்டிக்கும் சுழல் பீரங்கிகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. அதுவரை கொல்லர்கள் இரும்புப் பட்டைகளை நீளவாட்டில் சேர்த்து, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மேலே ஏற்றி, ஆறும்போது இறுகவிட்டுக் குழல் செய்த முறையும் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும்.

1520களில் தென்சீனாவின் குவாங்டோங் கடலில் போர்த்துக்கீசியரோடு மோதிய சீனர்கள், கைப்பற்றிய பீரங்கிகளைப் பார்த்துத் தாங்களும் செய்தார்கள். அவற்றுக்கு 'பொலாங்ஜி' என்று பெயரிட்டார்கள். ஐரோப்பியரைக் குறிக்கும் பரங்கி என்ற சொல்லின் சீன உச்சரிப்பு அது. நம் 'பீரங்கி'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் அட்டை எழுதும் எந்தக் கூடமும் இதை விட்டுவிடலாகாது.

உதிரி பாகங்கள் கிடைப்பதில்லை என்று சொல்வீர்கள். கரீபியப் பகுதியின் கைக்கோஸ் தீவுகளுக்கு அருகே, மொலாசஸ் பாறைத்திட்டில் 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மூழ்கிய கப்பலை நினைத்துப் பாருங்கள். அதன் பெயர்கூட நமக்குத் தெரியாது. 1980இல் புதையல் தேடிகள் அதைக் கொலம்பஸின் 'பின்டா' என்று அறிவித்தார்கள். 1982இல் தொல்லியலாளர்கள் முறைப்படி அகழத் தொடங்கினார்கள். மரம் பெரும்பாலும் அழிந்திருந்தும் சுழல் பீரங்கிகளும் மருந்துக் குடுவைகளும் கிடைத்தன. பொறுமையாக, இடம் குறித்து எடுத்தால் பாகங்களும் கிடைக்கும். அவை கிராண்ட் டர்க் தீவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. உங்கள் சேமிப்பறையில் 'அடையாளம் தெரியாத இரும்புக் குவளை' என்று பதிந்து வைத்திருப்பவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குடுவை கிடைத்தால் பீரங்கியின் பக்கத்தில் வையுங்கள். கிடைக்காவிட்டால் மரத்தில் ஒன்று கடைந்து வையுங்கள். குழலைத் தரையிலிருந்து எடுத்து, ஒரு மனிதனின் இடுப்பு உயரத்தில், கவையில் நிறுத்துங்கள். அசலைத் தொட விடமுடியாது என்பது எனக்குப் புரிகிறது. பக்கத்தில் ஒரு மாதிரியை வைத்து, குழந்தைகளைத் திருப்பிப் பார்க்க விடுங்கள்.

அந்தச் சிறுமியை அடுத்த விடுமுறையில் மறுபடி அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களுக்கு அடிக்கடி வரும் ஒரு பார்வையாளர்