பொதுக்குழுவின் முன் வைக்கப்படும் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், ஆசான்கள் மற்றும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டுக்கான சங்கத்தின் செயலறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசியில் மட்டும் மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. கோடைப் பயிற்சி முகாம் வழக்கம்போலச் சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் தொடங்கியது. நம் மூத்த சிலம்ப ஆசான் ஒருவரை ஆடி மாதத்தில் இழந்தோம். அவருக்கு இப்பொதுக்குழு எழுந்து நின்று அஞ்சலி செலுத்த வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவை நீங்கலாக, ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி தை மாதத்தின் கடைசிச் சனி, ஞாயிறுகளில் மதுரை யானைமலை அடிவாரத்தில் நாம் நடத்திய தற்காப்புக் கலை விழாவுக்கே சென்றதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியே பேசும்.

விழாவுக்கான எண்ணம் நம் மாணவர்களிடமிருந்து வந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் தமிழகத்தில் நடந்தபோது, கட்கா போட்டிகள் மதுரைக்கு ஒதுக்கப்பட்டன. ஒரு கையில் கோலும் மறு கையில் சிறு கேடயமும் ஏந்தி ஆடும் அந்தப் பஞ்சாபுக் கலையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், "கம்பு நம்ம கம்பு மாதிரிதான் சார் இருக்கு, ஆனா காலு வேற மாதிரி போகுது" என்றார்கள். இத்தனை காலம் ஒரே ஊரில் சிலம்பமும் கராத்தேயும் ஜூடோவும் அடுத்தடுத்த தெருக்களில் நடந்தும், ஒருவர் காலடியை மற்றவர் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

புரட்டாசியில் எல்லாக் கலை ஆசான்களையும் அழைத்து நடத்திய முதல் கலந்தாய்வு அத்தனை இணக்கமாக முடியவில்லை என்பதை மறைக்காமல் பதிவு செய்கிறேன். சிலம்ப ஆசான்கள் மண்தரைதான் வேண்டும், மண்ணைத் தொட்டு வணங்கித்தான் கம்பு எடுப்போம் என்றார்கள். ஜூடோப் பயிற்சியாளரோ விரிப்பு இல்லாமல் ஒரு பிள்ளையையும் தூக்கிப் போட அனுமதிக்க மாட்டேன் என்றார். இருவர் சொன்னதும் நியாயமே. அதைவிடப் பெரிய சிக்கல், கலப்புப் போட்டி வைக்கலாம் என்று சில இளைஞர்கள் கொண்டுவந்த யோசனை. சிலம்பத்தில் கம்பு உடம்பைத் தொட்டால் புள்ளி. நுனியில் சாயம் தோய்த்து ஆடினால் தொட்ட இடம் சட்டையிலேயே தெரிந்துவிடும். ஜூடோவில் எதிராளியை முதுகு படும்படி முறையாக வீழ்த்தினால் ஆட்டமே முடிந்துவிடும். கராத்தேயில் அடியை அளந்து நிறுத்துவதே திறமை. இம்மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதால், போட்டி வேண்டாம், ஒவ்வொரு கலையும் தன் ஆட்டத்தைக் காட்டி, பிறகு அடுத்த கலையின் மாணவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. பரிசுக் கோப்பை இல்லாத விழாவுக்குக் கூட்டம் வராது என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். என் கணிப்பு பொய்த்ததில் எனக்கு வருத்தமில்லை.

முதல் நாள் காலை, வணக்கம் செலுத்தும் அடிகளான சிலம்பத்தின் சலாம் வரிசையுடன் விழா தொடங்கியது. தொடர்ந்து வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை, கேரளத்தின் களரிப்பயிற்று, கம்பத்தில் ஏறி ஆடும் மல்லர் கம்பம், கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ எனக் கலைகள் வரிசையாக மேடையேறின. ஒவ்வொரு குழுவின் மாணவர் ஒருவரும் தம் கலையின் வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொன்னார். 1882இல் டோக்கியோவில் கானோ ஜிகோரோ பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜூஜுட்சுவிலிருந்து ஜூடோவை வகுத்ததையும், ஒகினாவாத் தீவிலிருந்து வந்த ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவில் கராத்தேயை ஆடிக்காட்டியதையும் கேட்ட நம் சிலம்பப் பிள்ளைகள், அவை இவ்வளவு அண்மைக் காலத்தில் உருப்பெற்ற கலைகளா என்று வியந்தார்கள். பதிலுக்கு நம் மாணவி, 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதையும், அதன்பின் கும்பினி ஆட்சி பாளையங்களில் ஆயுதங்களைத் தடை செய்ததையும் சொல்லி, மரத்தில் செய்த வளரி என்னும் வளைந்த எறி ஆயுதம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். எறிந்த வளரி வீசியவரிடமே திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்த பலருக்கு, அது பெரும்பாலும் இலக்கைத் தாக்கி அங்கேயே விழும் ஆயுதம் என்பது அன்றுதான் தெரிந்தது.

விழாவில் என் மனத்தில் நின்றது மதியப் பாடங்கள்தான். கம்பு சுழற்றும் பிள்ளைகளுக்கு விழத் தெரியாது. விழாமல் நிற்கவே அவர்களைப் பழக்குகிறோம். ஜூடோப் பயிற்சியாளர் அவர்களை வரிசையாகக் குந்த வைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு, உள்ளங்கையும் முன்கையும் சேர விரிப்பில் பட்டென்று அறையச் சொன்னார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஐந்தாறு முறை கையை ஊன்றியே விழுந்தான். ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும் என்று அவர் ஒவ்வொரு முறையும் அலுக்காமல் சொன்னார். கடைசியில் அவன் சரியாக விழுந்தபோது எழுந்த அந்த ஒற்றை அறைச் சத்தத்துக்கு மைதானமே கை தட்டியது. மறுபுறம், கறுப்புப் பட்டை பெற்ற ஓர் இளைஞர் முதன்முதலாக நெடுங்கம்பைச் சுழற்றித் தம் கணுக்காலிலேயே வாங்கிக்கொண்டார். அவருக்குக் கம்பை ஒதுக்கி வைத்துவிட்டு, காலடி மட்டும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார் நம் ஆசான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு ஒப்புக்கொண்டவர் பேசிய எண்ணிக்கையில் பாதி விரிப்புகளையே அனுப்பினார். ஜூடோ நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் தாமதமாயிற்று. வளைந்து நெளியும் சுருள்வாளின் வீச்சின்போது கயிற்றுக்குக் கீழே ஒரு குழந்தை நுழைந்துவிட்டது. ஆசான் கணத்தில் வாளை நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், ஒரு கயிறு போதும் என்று நினைத்த பிழை என்னுடையது; இனிச் சவுக்குக் கம்பால் இரட்டை வேலி கட்ட வேண்டும். கீற்றுப் பந்தல் அருகில் இருந்ததால் தீப்பந்தச் சுற்றை நாமே கைவிட்டோம். அதில் கோபித்துக்கொண்ட மாணவர்கள் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

சான்றிதழ் பற்றி ஒரு விளக்கம். அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டதிலிருந்து, பெற்றோர் எந்தக் காகிதத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். நம் விழாவில் தந்தது பங்கேற்புச் சான்றிதழ் மட்டுமே. அதை வைத்து எவ்வித ஒதுக்கீடும் கோர முடியாது என்பதைப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று முடிவுகளைப் பொதுக்குழுவிடம் கோருகிறேன். விரிப்புகளைப் படிப்படியாகச் சொந்தமாக வாங்க ஒரு தனி நிதி தொடங்க வேண்டும். பாடங்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி, ஆடிக்காட்டும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கட்கா ஆசிரியர் ஒருவரை அழைத்துவரும் பயணச் செலவுக்கு அனுமதி தர வேண்டும். கட்காவில் கால் ஏன் வேறு மாதிரி போகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் காட்டவில்லை.

இடம் தந்தவர்களுக்கும், இரண்டு நாளும் மோர்ப்பானையை வற்றவிடாமல் பார்த்துக்கொண்ட மகளிர் குழுவினருக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்