ஒரு கட்டு அதிகம்

அன்புள்ள பாப்பா,

உன் திரைக்கதையை இரண்டு முறை படித்துவிட்டேன். மழை, இருட்டு, புகை எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் உன் கேஷியர் பத்தாம் பக்கத்திலேயே பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். அத்தனை அவசரமாக யாரும் திருடனாவதில்லைம்மா.

நீ பார்க்கச் சொன்ன 'டபுள் இன்டெம்னிட்டி'யையும் பார்த்தேன். 1944இல் பில்லி வைல்டர் எடுத்த ஹாலிவுட் படம். அந்த இன்சூரன்ஸ்காரன் பிறவிக் கெட்டவன் இல்லை. விபத்தில் செத்தால் இரட்டிப்புப் பணம் என்கிற ஷரத்தோடு தினமும் புழங்கியவன். நாமே செய்தால் எப்படிச் செய்வோம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது. இன்சூரன்ஸ் பணத்துக்காகப் புருஷனைக் கொல்ல அவனைக் கூட்டுச் சேர்க்கிற அந்தப் பெண் ஒரு சாக்கு, அவ்வளவுதான். அவள் வீட்டில் ஜன்னல் தட்டியின் நிழல் வரிவரியாக விழுகிறதே, கவனித்தாயா? கொலையே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் கம்பி எண்ண ஆரம்பித்துவிட்டான்.

1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதி கறாராக இருந்தது, குற்றவாளி தப்பிக்கக் கூடாது, அதனால்தான் எல்லாருக்கும் தண்டனை என்று எழுதியிருந்தாய். சரிதான். ஆனால் வைல்டர் அவனை விஷவாயு அறைக்கு அனுப்பும் காட்சியைப் படமே பிடித்துவிட்டு, அப்புறம் வேண்டாமென்று வெட்டிவிட்டார். தோளில் குண்டோடு ராத்திரி ஆபீசில் தனியாக உட்கார்ந்து, தன்னை நம்பிய மனுஷனுக்கு டிக்டாபோன் என்கிற குரல்பதிவு மெஷினில் எல்லாவற்றையும் சொல்கிறானே, அதுவே போதும் என்று நினைத்திருப்பார்.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் கேஷில் இருந்தேன். ஒரு சாயங்காலம் கணக்கு முடிக்கையில் ஒரு கட்டு அதிகமாக இருந்தது. மூன்று தரம் எண்ணினேன். அதிகம் வந்தால் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். எழுதவில்லை. சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பயத்தில் தூங்கவில்லை என்று நினைத்துவிடாதே. எந்தெந்தக் கடனை அடைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு பெரியவர் வந்தார். ரசீதை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தார். வியர்வையில் அது துணி மாதிரி ஆகியிருந்தது. "நேத்து ஒரு கட்டு கூடக் குடுத்துட்டேனோன்னு சந்தேகமா இருக்கு தம்பி" என்றார். நான் பேரேட்டைப் புரட்டினேன். பார்க்க அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தே புரட்டினேன். "கணக்கு சரியா இருக்கே ஐயா" என்றேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கம்பிவலைக்கு வெளியே அவர், உள்ளே நான்.

யாரும் என்னைப் பிடிக்கவில்லை. விசாரணை இல்லை, கெட்ட பெயர் இல்லை. ஓய்வு பெறும் நாளில் நேர்மையானவர் என்று மேடையில் சொல்லி மாலை போட்டார்கள். நீயும் கைதட்டினாய்.

உன் கேஷியரை ஓட விடாதேம்மா. கவுண்டரிலேயே உட்கார வை. மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் வரட்டும்.

அப்பா