கான்கிரீட் வேலை செய்யாத இடம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் கிளினிக் வரைபடமும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்; வீட்டில் தொலைக்காட்சி சத்தம் அடங்கிவிட்டது.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். உன் இறுதியாண்டுக் கட்டிடக்கலை மாணவர்கள் திரையில் முறுக்கிய வடிவங்களைக் காட்டி இதுதான் புதுமை என்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது என்பது ஒன்று. கிளினிக்குக்கு ஃபில்லர் ஸ்லாப் (கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தில் ஓடு வைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறை) போடலாமா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன.

முறுக்கிய வடிவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிட்னி ஆபரா ஹவுஸை எடுத்துக்கொள். 1957இல் கட்டிடக்கலைஞர் உட்சனின் வரைபடம் போட்டியில் வென்றபோது அந்தக் கூரைக் கூடுகளுக்கு வடிவக்கணக்கு என்று ஒன்று கிடையாது. ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று வருடக்கணக்கில் முயன்றார்கள். கூட்டைத் தாங்கும் ஒவ்வொரு விலாவுக்கும் ஒரு வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் வார்க்கத் தனி அச்சு என்றால் கட்டவே முடியாது. 1961இல் முடிச்சு அவிழ்ந்தது. எல்லாக் கூடுகளையும் ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்ததாக வைத்துக்கொண்டார்கள். கோளத்தில் எங்கே தொட்டாலும் வளைவு ஒன்றுதான். அதனால் சில அச்சுகளிலேயே விலாத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப வார்த்துக் கோக்க முடிந்தது. 1957இன் படம் ஒரு ஆசை. புதுமை என்று நான் ஒப்புக்கொள்வது 1961ஐத்தான். உன் மாணவர்களிடம், வடிவத்தைக் காட்டியதும், "இதற்கு எத்தனை அச்சு வேண்டும்?" என்று கேள். பதில் சொல்லத் தெரிந்தவனுக்கு மதிப்பெண் போடு.

இதைவிட எனக்கு நெருக்கமானவர் உருகுவேயின் எலாடியோ தியெஸ்தே. அவர் கட்டிடக்கலை படித்தவர் இல்லை, பொறியாளர். அவருக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை கிடங்கு, தானியக் களஞ்சியம், சந்தை, பேருந்து நிலையம். விலை குறைத்தால்தான் ஒப்பந்தம் கைக்கு வரும். உள்ளூரில் தாராளமாகக் கிடைத்தது செங்கல். சங்கிலியைத் தொங்கவிட்டால் விழும் வளைவைத் தலைகீழாக்கிக் கூரையாக வைத்தால், தன் எடைக்கு அதில் வெறும் அழுத்தம் மட்டும்தான் வரும். செங்கலுக்கு அது போதும். ஆனால் ஒரு செங்கல் கனமுள்ள கூரையை 30, 40 மீட்டர் அகலத்துக்குத் தாங்கலில்லாமல் போட்டால், நசுங்குவதற்கு முன்பே புடைத்து நெளிந்து விழும். அதைத் தடுக்கக் கனத்தைக் கூட்டுவது எல்லாரும் செய்வது. தியெஸ்தே கனத்தைத் தொடவில்லை. கூரையைக் குறுக்குவாட்டில் அலையாக மடித்தார். சுவரில் உட்காரும் இடத்தில் விளிம்பு நேர்கோடு. உச்சிக்குப் போகப் போக அலையின் உயரம் கூடும். சுவர் நேராகவே இருக்கலாம், அலைக்கும் அலைக்கும் இடையே வெளிச்சத்துக்குக் கண்ணாடி வைக்கவும் இடம் கிடைக்கும்.

நான் அதிகம் வியப்பது சென்ட்ரிங்கைத்தான். ஓர் அலைக்கு மட்டும் மரத்தில் அச்சு. அதன்மேல் செங்கலை அடுக்கி, இணைப்புகளில் மெல்லிய கம்பி விட்டுச் சாந்தால் நிரப்பி, மேலே ஒரு மெல்லிய பூச்சு. கன அளவில் பெரும்பகுதி ஏற்கெனவே சுட்டு இறுகிய செங்கல். இறுக வேண்டியது இணைப்பிலுள்ள கொஞ்சம் சாந்து மட்டும். அதனால் அச்சைச் சீக்கிரமே இறக்கி, தண்டவாளத்தில் தள்ளி, அடுத்த அலைக்கு வைக்கலாம். உருகுவேயின் அத்லாந்திதாவில் 1958 முதல் 1960 வரை கட்டிய தேவாலயத்தைப் பார்க்கிறவர்கள் நெளியும் சுவரின் அழகைப் பேசுகிறார்கள். அந்த நெளிவுதான் மெல்லிய சுவரைச் சாயாமல் நிறுத்துகிறது என்பதை உன் மாணவர்கள் ஒரு தாளை மடித்து நிறுத்திப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள். இன்னொன்று: தன் கூட்டாளி மொந்தான்யெஸுடன் சேர்ந்து தியெஸ்தே நடத்தியது ஒரு கட்டுமான நிறுவனம். வரைந்த கையும் கட்டிய கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. முதல் கூரையில் தெரிந்துகொண்டது அடுத்த கூரைக்கு அப்படியே போனது.

நம் பக்கத்து ஊருக்கு வருவோம். இங்கிலாந்திலிருந்து வந்த கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பெருவாரியாக எடுத்தாண்ட எலிப்பொறிக் கட்டு (செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் குழி விட்டுச் சுவர் கட்டும் முறை) அவர் கண்டுபிடித்ததில்லை. இங்கிலாந்தில் குடிசைகளுக்கும் தோட்டச் சுவர்களுக்கும் வைத்துப் பழகிய கட்டு அது. 1784 முதல் 1850 வரை செங்கலுக்கு எண்ணிக்கைப்படி வரி போட்ட நாடு. செங்கலை மிச்சம் பிடிக்கிற கட்டு அங்கே பயன்பட்டதில் வியப்பில்லை. பேக்கர் அதைச் செங்கலும் சிமெண்டும் வீட்டுச் செலவைத் தின்னும் இடத்துக்குக் கொண்டுவந்து, பூச்சையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். ஒரு பழைய விடைக்குப் புதிய ஊரில் கேள்வி காத்திருந்தது என்பதைப் பார்க்கத் தெரிந்ததே அங்கே பெரிய புதுமை.

நீ சுவருக்கு இந்தக் கட்டைத்தான் யோசிப்பதாக எழுதியிருந்ததால் கணக்கைச் சொல்கிறேன். செங்கல் 9க்கு 4¼க்கு 3 அங்குலம், இணைப்பு 10 மி.மீ. என்று வைத்துக்கொள். படுக்க வைத்துக் கட்டும் வழக்கமான 9 அங்குலச் சுவரில் சதுர அடிக்கு 9 செங்கல் போகும். பக்கவாட்டில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஒவ்வொன்று, குறுக்கே ஒன்று என்று எலிப்பொறிக் கட்டில் வைத்தால் 7¼ போதும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். சாந்து காகிதக் கணக்கில் பாதியாகும். தளத்தில் அது நடப்பதில்லை, ஏனென்றால் கரண்டியால் இழுக்கும் சாந்து நடுவிலுள்ள 3 அங்குலக் குழிக்குள் விழுந்துகொண்டே இருக்கும். குழியைவிடச் சற்று அகலமான ஒரு ரீப்பரை (மரச் சட்டத்தை) குழியின் மேல் வைத்துக்கொண்டு சாந்து போட்டு, பிறகு எடுத்துவிடச் சொல். முதல் வரி, ஜன்னல் அடி வரி, லிண்டலுக்குக் கீழ் வரி, கூரைக்குக் கீழ் வரி, கதவு ஜன்னல் ஓரங்கள் எல்லாம் கெட்டியாக வரட்டும். வரி உயரம் கூடுவதால் 18 வரியில் ஏறத்தாழ 7 அடி வந்துவிடும்; கதவு உயரத்தை அதற்கு ஒத்துப்போகிற மாதிரி வை, இல்லாவிட்டால் லிண்டலுக்குக் கீழே செங்கலை உடைத்துச் சொருகுவார்கள். வயர் போகும் குழாயைக் கட்டும்போதே குழிக்குள் இறக்கிவிடு. பிறகு சுவரைக் கொத்தினால் 3 அங்குலத் தோலைத்தான் கொத்துகிறோம். விளிம்பு உடைந்த, அளவு மாறிய செங்கல் உன் ஊரில் அதிகம் என்றால் இந்தக் கட்டையே விட்டுவிடு. சாந்துக் கனத்தில் மிச்சமெல்லாம் போய்விடும். வெப்பமும் குறையும், ஆனால் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு எதிர்பார்க்காதே. குறுக்குச் செங்கல் வழியாக வெயில் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும்.

இப்போது கூரை. 10க்கு 12 அடி அறை, 5 அங்குலத் தளம். பாரம் ஏறும்போது அறை நடுவில் தளத்தின் மேல்பக்கம் அழுந்தும், கீழ்பக்கம் இழுபடும். இழுவையில் கான்கிரீட்டின் வலு அழுத்தத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கணக்கில் நாம் அதைச் சேர்ப்பதே இல்லை. அழுத்தம் முடிந்து இழுவை தொடங்கும் கோடு, அதாவது நடுநிலை அச்சு, மேலிருந்து ஒன்று, ஒன்றேகால் அங்குலத்திலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, வெட்டுவிசையைக் கொஞ்சம் தாங்குகிறது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ளதற்கு அந்த வேலைகூடப் பெரிதாக இல்லை. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை எதிரெதிராகக் கவிழ்த்து வைப்பதுதான் ஃபில்லர் ஸ்லாப்.

ஓடு 16க்கு 10 அங்குலம், ஜோடியின் கனம் இரண்டரை, ஜோடிகளுக்கு இடையே 4 அங்குலக் கான்கிரீட் விலா. அப்படியானால் பரப்பில் 57 விழுக்காட்டில், பாதிக் கனத்துக்கு ஓடு. 28 விழுக்காடு கான்கிரீட் மிச்சம் என்று வரும். சுவரோரம் ஒரு அடி கெட்டியாக விட்டால் 19. பக்கத்து அறைக்கும் தளம் தொடர்ந்து ஓடினால், நடுச்சுவருக்கு மேல் இழுவை மேல்பக்கத்துக்கு மாறிவிடும். அங்கே இரண்டரை அடி கெட்டியாக விடவேண்டும், மிச்சம் 15க்கு இறங்கும். எடையிலும் ஓட்டின் எடையைக் கழிக்க மறக்காதே: சதுர மீட்டருக்குக் கான்கிரீட்டில் 60 கிலோ குறைந்தால் ஓட்டில் 18, 20 கிலோ ஏறும்.

தவறுகிற இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. ஓட்டை நனைக்காமல் வைத்தால் கான்கிரீட்டின் தண்ணீரை அது குடித்துவிடும். விலா பொடிப்பொடியாக வரும். முந்தின இரவே ஊறப்போடு. ஜோடியின் விளிம்பைச் சாந்தால் மூடாவிட்டால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி, காற்று இருக்கவேண்டிய இடத்தில் சிமெண்ட் இருக்கும். விலாவை 4 அங்குலத்துக்குக் கீழே குறைக்கச் சொல்வார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 விலாத் தளத்துக்கு 65 மி.மீ. வரை அனுமதிக்கிறது, ஆனால் ¾ அங்குல ஜல்லியும் இரண்டு கம்பியும் அவற்றை மூடும் கான்கிரீட்டும் அதற்குள் இறங்காது, தேன்கூடு மாதிரிப் பொத்தல் விழும். ஒரு விலாவுக்கு ஒரு கம்பி என்று விட்டால் கம்பி இடைவெளி 14 அங்குலமாகிவிடும், அதுவும் கூடாது. ஓட்டின் மேல் நேராக மிதித்து நடந்தால் விரிசல் விடும், பலகை போடச் சொல். முதலில் விலாக்களை நிரப்பி, சின்ன ஊசி வைப்ரேட்டரை விலாவுக்குள் மட்டும் விடவேண்டும். ஃபேன் கொக்கி விலாச் சந்திப்பில் வரட்டும். நாளைக்கு யாராவது கூரையின் அடிப்பக்கத்தில் துளை போட்டு எதையாவது தொங்கவிட்டால் அது ஓட்டில் நிற்காது. கிளினிக் என்பதால் விளக்குக்கும் திரைக்கும் வேண்டிய கொக்கிகளை இப்போதே பட்டியல் போடு. கூரையின் அடிப்பக்கத்துக்குப் பூச்சு வேண்டாம். ஓடும் கான்கிரீட்டும் சேரும் கோட்டில் பூச்சு வெடிக்கும்.

மிக மோசமான தவறு சன்ஷேட். கூரையில் ஓடு வைத்த கையோடு, வெளியே நீட்டும் பகுதியிலும் அதே வரிசையைத் தொடர்கிறார்கள். நீட்டிய தளத்தில் இழுவை மேலே, அழுத்தம் கீழே. அங்கே ஓடு வைத்தால், வேலை செய்கிற கான்கிரீட்டை எடுத்துவிட்டு வேலை செய்யாததை வைத்திருக்கிறோம். ஓடு வைக்கக் கற்றுக்கொண்டு, ஏன் வைக்கிறோம் என்று கற்றுக்கொள்ளாததால் வருவது இது. ஓட்டுக்குப் பதில் சிரட்டை வை, மண்சட்டி வை, தவறில்லை. காரணம் கைமாறாமல் பொருள் மட்டும் கைமாறினால்தான் ஆபத்து. அதனால்தான் கொத்தனாரிடம் வரைபடத்தை நீட்டுவதோடு நிற்காதே. ஒரு ரப்பர் துண்டின் பக்கவாட்டில் கோடு போட்டு வளைத்துக் காட்டு. எங்கே கோடு விரிகிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

இவ்வளவு நல்ல விஷயம் ஏன் பரவவில்லை என்று நீயும் எழுதியிருந்தாய். பழமைப் பிடிப்பு என்று எல்லாரும் மக்களைக் குறை சொல்கிறார்கள். அது நியாயம் இல்லை. ஒப்பந்தக்காரருக்குக் கன மீட்டர் கணக்கில் பணம், கட்டிடக்கலைஞருக்குச் செலவில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம். கான்கிரீட் குறைந்தால் இருவருக்கும் நஷ்டம். பழகாத வேலை என்று கூலியும் கூடுதலாகக் கேட்பார்கள், அதுவும் நியாயமே. முதல் அறையில் நேரம் ஆகத்தான் செய்யும். மிச்சம் யார் பைக்குப் போகிறது என்பதை மாற்றாமல் தொழில்நுட்பத்தை மட்டும் பாடம் நடத்திப் பயனில்லை. பேக்கர் கொத்தனார்களோடு நேரடியாக நின்று கட்டினார். 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற தொண்டு நிறுவனம் அந்த வேலையைத் தொடர்ந்து செய்ததால்தான் கேரளத்தில் அது ஒரு மனிதரோடு முடியவில்லை. உன் கிளினிக்கில் கூலி ஒப்பந்தம் மட்டும் போட்டு, பொருளை உரிமையாளரே வாங்கட்டும். எலிப்பொறிச் சுவருக்குச் செங்கல் கணக்கில் கூலி பேசாதே, சதுர அடிக்குப் பேசு.

தளத்தின் கம்பிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். அதற்கு, எந்தெந்தச் சுவருக்கு மேல் தளம் தொடர்கிறது, மேலே தண்ணீர்த் தொட்டி எங்கே வரப்போகிறது, உங்கள் ஊரில் கிடைக்கும் ஓட்டின் சரியான அளவும் எடையும் என்ன என்று எழுதி அனுப்பு. தொட்டி வரும் இடத்துக்குக் கீழே ஓடு வேண்டாம். சன்ஷேட்டைத் தனித் தாளில் வரைந்துவிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரி