2,029 வெற்றி, பட்டம் மட்டும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர்களைச் சாம்பியன் பட்டங்களை மட்டும் எண்ணி எடைபோடுவது சரியல்ல. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் மைக் மார்ட்டின் 1980 முதல் 2019 வரை 40 சீசன்களில் 2,029 ஆட்டங்களை வென்றார். எந்த சீசனிலும் 40 வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. கல்லூரிச் சாம்பியனை முடிவுசெய்ய ஒமாஹா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்கு 17 முறை போயும் பட்டம் கிடைக்கவில்லை.

அவரது அணிகளின் பலம் பொறுமை. ஸ்ட்ரைக் எல்லைக்கு (மட்டையாளர் அடிக்க ஏற்ற பரப்புக்கு) வெளியே வரும் பந்தைத் தொடாமல் விடுவார்கள். அப்படி நாலு பந்து சேர்ந்தால் அடிக்காமலே முதல் பேஸுக்கு (ஓட்டப் பாதையின் முதல் நிலைக்கு) இலவசமாகப் போகலாம். அதைவிட முக்கியம், எதிரணிப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் 90 பந்து வீசிக் களைத்துப்போவார். ஒமாஹாவிலோ குறி தப்பாத பிட்சர்கள்; காத்திருந்தால் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிடும், மூன்றாவது விழுந்தால் அவுட். போதாக்குறைக்கு, அங்கே முதல் ஆட்டத்தில் தோற்றால் இறுதிக்குப் போக அடுத்தடுத்து நாலு வெற்றி வேண்டும். வழக்கமான வார இறுதியின் மூன்று ஆட்டங்களுக்கென வைத்திருக்கும் மூன்று பிட்சர்கள் அதற்குப் போதாது.

ஆளை எடைபோடுவதிலும் அவர் அணி கெட்டி. ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளராக) வந்த, பின்னாளில் தொழில்முறை பேஸ்பால் நட்சத்திரமான பஸ்டர் போஸி கேட்சரானது (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவரானது) அங்கேதான். 2008-இல் போஸி ஒரே ஆட்டத்தில் களத்தின் ஒன்பது இடங்களிலும் ஆடினார், பிட்சிங் உட்பட!

இப்படிக்கு,
பேஸ்பால் வாசகர்கள் சிலர்