பிராக் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

செப்டம்பரில் பிராக் நகரத்தில் நடக்கிற அரசியல் ஆராய்ச்சி மாநாட்டில், மன்னார் வளைகுடாக் கடல் பூங்காவையும் அங்கே கடல்பாசி எடுக்கிற பெண்களையும் பற்றிய உன் கட்டுரையை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றே, உன் உம்மா தெரு முழுக்கத் தொதல் இனிப்பு கொடுத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தோடு தொழில் புத்தியும் சேர்ந்து எழுந்துவிட்டது. கீழக்கரையில் டிராவல்ஸ் வைத்துக்கொண்டு இத்தனை காலம் சபராளிகளை, அதாவது பிழைக்கப் போகிறவர்களை, வளைகுடா நாடுகளுக்கு ஏற்றி அனுப்பியவன், சொந்த மகள் கிளம்பும்போது சும்மா இருப்பேனா? போனில் சொன்னால் "சரி வாப்பா, சரி வாப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் விசா. இங்கிருந்து போகிற பையன்களுக்குக் கம்பெனியே விசா அனுப்பிவிடும். மெடிக்கல் முடித்து ஏறிவிடுவார்கள். உன் கதை வேறு. உனக்கு வேண்டியது குறுகிய கால ஷெங்கன் விசா. அது ஒன்று இருந்தால் பிராக் இருக்கிற செக் நாடு உட்பட ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குள் போய்வரலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனு போட விடுவார்கள். கடைசி 15 நாளுக்குள் போனால் வாங்க மாட்டார்கள். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, இழுத்தால் 45 நாள் வரை போகும். கோடையில் ஊர் சுற்றப் போகிற கூட்டம் அப்பாயின்ட்மென்ட்டை எல்லாம் அள்ளிவிடும். ஜூன் முடிவதற்குள் மனுவைக் கொடுத்துவிடு. கட்டணம் 90 யூரோ, மனு வாங்குகிற விசா மையத்துக்காரர்களின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் 90 யூரோ திரும்ப வராது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் உன் ஆராய்ச்சி நல்லதா, மட்டமா என்று பார்க்கப் போவதில்லை. அவர் மனசில் இருப்பது ஒரே கேள்வி: இந்தப் பெண் திரும்பிப் போவாளா? நீ கொடுக்கிற ஒவ்வொரு காகிதமும் அதற்குத்தான் பதில் சொல்லணும். மாநாட்டு அழைப்புக் கடிதம், பதிவுக் கட்டணம் கட்டிய ரசீது, உன் பல்கலைக்கழகம் கொடுக்கிற தடையில்லாச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட், தங்குமிடம், போகவர டிக்கெட்டுக்கான முன்பதிவு. தடையில்லாச் சான்றில் "இந்தத் தேதிக்குள் திரும்பி வந்து ஆய்வைத் தொடர்வார்" என்று ஒரு வரி இருக்கட்டும். அலுவலகத்தில் வழக்கமான மாதிரிக் கடிதத்தை நீட்டினால் விடாதே, அந்த வரியைக் கேட்டு வாங்கு. செலவை யார் தருகிறார்கள் என்பதும் தெளிவாக வேண்டும். உதவித்தொகை என்றால் அந்தக் கடிதம். பாக்கியை நான் தருகிறேன் என்றால் என் கடிதமும் என் வருமான வரிக் கணக்கும். மனு போடுகிற வாரத்தில் உன் கணக்கில் திடீரென்று லட்சக்கணக்கில் போட்டுவைத்தால் சந்தேகம்தான் வரும். நான் அனுப்ப வேண்டியதை இப்போதிருந்தே மாதாமாதம் அனுப்புகிறேன்.

தேதிகளையும் ஒத்துப் பார். மாநாடு நாலு நாள், ஹோட்டல் அஞ்சு ராத்திரி, இன்சூரன்ஸ் ஒரு நாள் குறைச்சல், டிக்கெட் அதற்கும் மறுநாள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கக் கூடாது. இப்படி ஒரே ஒரு நாள் இடித்ததற்காக மனு திரும்பி வந்ததை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படி, நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது அங்கேதான். கட்டுரைகளில் நீ பெயரைச் சுருக்கிப் போடுகிறாய். சர்டிபிகேட்டில் என் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுசாக விரிந்து சர்நேம் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் உன்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறார்கள், சிரிக்காதே. மாநாட்டுப் பதிவில் நீ எந்தப் பெயரைக் கொடுத்தாயோ அதுதான் அழைப்புக் கடிதத்தில் வரும். அது பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். பொருந்தவில்லை என்றால் இப்போதே மெயில் போட்டு மாற்றிய கடிதம் வாங்கு. கழுத்தில் மாட்டுகிற அட்டையில் வேண்டுமானால் நீ கட்டுரையில் போடுகிற பெயரைப் போட்டுக்கொள். டிக்கெட், ஹோட்டல், இன்சூரன்ஸ் மூன்றும் பாஸ்போர்ட் பெயரில்தான். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்ற முடியாது என்று அமீரகம் சொன்னபோது, நம் கடையில் ஜனம் எப்படி வந்து நின்றது என்று உனக்கு நினைவிருக்கும். உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் போட்டே ஆகணும் என்று அன்றைக்கு நான் பிடித்த பிடிவாதம் இப்போது உதவுகிறது.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கணும், ஷெங்கன் நாடுகள் முழுக்கச் செல்லுபடியாகணும். அதை நான் எடுத்துத் தருகிறேன். பாஸ்போர்ட் அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு மேல் மூன்று மாதமாவது உயிரோடு இருக்கணும். உன்னுடையதற்கு அந்தக் கவலை இல்லை.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரைப் படி. எதுவரை செல்லும் என்று ஒரு தேதி இருக்கும், எத்தனை நாள் தங்கலாம் என்று ஓர் எண் இருக்கும். நம்மவர்கள் தேதியைப் பார்த்து ஏமாறுவார்கள். நீ எண்ணைப் பார். இறங்குகிற நாளும் கிளம்புகிற நாளும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

டிக்கெட்டை விசா வந்த பிறகுதான் காசு கட்டி வாங்கணும். லண்டன் வழியாக மலிவாக இருக்கிறது என்று எடுத்துவிடாதே. அங்கே விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா கேட்பார்கள். பிராங்க்பர்ட் வழியாகப் போனால் உன் இமிகிரேஷன் பிராங்க்பர்ட்டிலேயே முடிந்துவிடும், பிராக்கில் உள்ளூர்ப் பயணி மாதிரி வெளியே வந்துவிடலாம். அதனால் பிராங்க்பர்ட்டில் இடைவெளி இரண்டரை, மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். துபாய், தோஹா வழி என்றால் எல்லாம் பிராக்கில்தான். முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதிகிற முறையை 2025 அக்டோபரில் ஆரம்பித்தார்கள், முதல் தடவை போகிறவர்களுக்கு வரிசையில் நேரம் பிடிக்கும். எதற்கு வந்தாய் என்று கேட்டால் "மாநாடு" என்று சொல்லி அழைப்புக் கடிதத்தை நீட்டு. "வேலை" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதே; கட்டுரை வாசிப்பது உனக்கு வேலைதான், அவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். இந்தக் காகிதங்கள் எல்லாம் கைப்பையில், பிரிண்ட் எடுத்தபடி. போன் சார்ஜ் தீர்கிற நேரம் எப்போதும் அதுதான்.

அப்புறம் பெட்டி. ஆகஸ்டில் நீ ஊருக்கு வந்து போகும்போது உப்புக்கண்டம் கட்டித்தர உன் உம்மா இப்பவே நாள் பார்க்கிறாள். ஐரோப்பாவுக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. உப்புக்கண்டம், பால்கோவா, நெய் பாட்டில் எதுவும் ஆகாது. தொதல் தேங்காய்ப் பாலிலும் கருப்பட்டியிலும் செய்வதால் தப்பித்தது. மாசிக் கருவாட்டுக்கும் சட்டப்படி தடை இல்லை, ஆனால் உன் பக்கத்து அறைக்காரர்களை நினைத்துப் பார். மாம்பழம் கொண்டுபோகச் சான்றிதழ் கேட்பார்கள், பேரீச்சம்பழத்துக்குக் கேட்பதில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. பேராசிரியர்களுக்கு நம் கடற்கரை நினைவாக எதையாவது கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றும். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கடைக்காரர்கள் எதைக் காட்டினாலும், பவளத் துண்டு, கடல் விசிறி மாதிரி எதையும் தொடாதே. 1972 வனவிலங்குச் சட்டத்தில் அவை பாதுகாக்கப்பட்டவை. உன் கட்டுரைக்குச் சம்பந்தப்பட்ட கடல்பாசியையும் எடுத்துப் போகாதே. மரிக்கொழுந்துப் பாசி ஒரு பிடி காய வைத்து எடுத்துப்போய்க் காட்டினால் நன்றாக இருக்கும் என்று போன தடவை சொன்னாய். வேண்டாம். கடல் பூங்காவின் அரசியலைப் பேசப் போகிற பெண் கடல் பொருளோடு ஏர்போர்ட்டில் நின்றால் நல்லாவா இருக்கும்? போட்டோ போதும். கொடுப்பதற்குப் பத்தமடைப் பாய் சின்னதாக நாலு வாங்கிவைக்கிறேன்.

பிராக் விமான நிலையத்துக்கு மெட்ரோ கிடையாது. 59 என்ற டிராலி பஸ்ஸில் ஏறினால் வெலெஸ்லவின் ஸ்டேஷனில் விடும், அங்கிருந்து பச்சை லைன் நேராக ஊருக்குள் போகும். பஸ், டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால் அது கையில் இருந்தால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் பதிக்கணும். பதிக்காத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவர்களுக்கு ஒன்றுதான், சாதாரண உடையில் வருகிற செக்கர் அபராதம் போட்டுவிடுவார்.

அங்கே யூரோ இல்லை, கொருனா. சுற்றுலாக்காரர்கள் மொய்க்கிற தெருக்களில் "கமிஷன் இல்லை" என்று போர்டு வைத்திருக்கிற மாற்றுக் கடைகளில் ரேட்டிலேயே கமிஷனை எடுத்துவிடுவார்கள். எண்ணி வாங்கிய பிறகு ஏமாந்தது தெரிந்தால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்த் திருப்பிக் கேட்க அவர்கள் சட்டத்திலேயே வழி இருக்கிறது, 1000 யூரோ மதிப்பு வரைக்கும். கார்டு மெஷின் ரூபாயில் கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா என்று கேட்டால் கொருனா என்று அமுக்கு. ரூபாய் என்றால் அவன் வைத்ததுதான் ரேட்.

ஹோட்டலில் தங்கினால் போலீஸில் பதிவு செய்வதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தோழியின் அறையில் தங்கலாம் என்ற யோசனை இருந்தால், மூன்று வேலை நாளுக்குள் நீயே போய்ப் பதியணும். காசு மிச்சமாவதைவிட அலைச்சல் அதிகம், ஹோட்டலே இருக்கட்டும்.

சாப்பாட்டில் கவனம். அது பன்றி இறைச்சி நாடு. காய்கறிச் சாப்பாடு என்று நினைப்பதிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். வெப்ரோவே, சாட்லோ என்ற இரண்டு சொல்லை மெனுவில் பார்த்தால் நகர்ந்துவிடு. மாநாட்டுப் பதிவுப் படிவத்தில் சைவ உணவு என்று குறித்துவிடு. மஞ்சள் லைனின் கிழக்குக் கோடியில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உனக்கு ஓய்வாக இருந்தால் போய்ப் பார். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

குளிர் பெரிதாக இருக்காது, ஆனால் உனக்கு டெல்லி டிசம்பர் மாதிரி ஒரு மாலைநேரம் வந்து போகும். ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும். கரண்ட் நம்மைப் போல 230 வோல்ட்தான், பிளக்தான் வேறு. அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள். நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். நீ ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்றரை. பரவாயில்லை, கூப்பிடு.

அப்புறம் உன் கட்டுரை. அரசியல் தியரி எனக்குத் தெரியாது, அதில் தலையிடவில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். செக் நாட்டுக்குக் கடலே இல்லை. அவர்கள் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடுகிற கெண்டை மீன்கூடக் குளத்தில் வளர்ப்பது. 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய பெரிய குளங்கள் தெற்கே இன்னும் இருக்கின்றன. அறையில் பல நாட்டுக்காரர்கள் இருப்பார்கள், ஆனாலும் மன்னார் வளைகுடா எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? உனக்குக் கொடுப்பதே பதினைந்து நிமிஷம் என்கிறாய். முதல் படமாக மேப்பைப் போடு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டி 21 தீவு, 1986இல் அவற்றைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா வந்தது, அதற்கு முன்பிருந்தே பெண்கள் அங்கே பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் முதல் இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டால், மீதிக்கு அவர்கள் உன்னோடு வருவார்கள்.

இரண்டாவது படமாக, நீ சின்ன ஏர்வாடியில் எடுத்தாயே, பாசி எடுக்கிற பெண்ணின் அந்தக் கை. விரலுக்கு விரல் கிழிந்த துணியைச் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கிய கை; நகத்தடியில் பாறை கிழித்த கோடுகள். முகம் தெரிகிற படங்களை அந்தப் பெண்களிடம் கேட்காமல் போடாதே. வனத்துறையோடு வழக்கும் வம்புமாக இருக்கிறவர்கள், உன் படம் எந்த மேஜைக்குப் போகும் என்று யார் கண்டது? ஆகஸ்டில் நீயே வத்தைக்காரர் (படகுக்காரர்) வீட்டுக்குப் போய் அவர்கள் ஒவ்வொருவரிடமும் கேள், நானும் வருகிறேன். அமாவாசையை ஒட்டிய நாட்களில் போகாதே, எல்லோரும் தண்ணீரில் இருப்பார்கள்.

படங்களைப் பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று வைத்துக்கொள். உனக்கு முன்னால் பேசுகிறவர் நேரத்தைத் தின்றுவிட்டால் பத்து நிமிஷத்துக்கு எதை விடுவது என்று இங்கேயே முடிவு செய்துகொண்டு போ.

இப்போது நீ அனுப்ப வேண்டியவை: பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஸ்கேன், அழைப்புக் கடிதம், நீ பார்த்துவைத்த ஹோட்டலின் விலாசம். வியாழக்கிழமைக்குள் அனுப்பினால் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து தேதிகளை ஒத்துப் பார்த்துவிடுகிறேன். விசா போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி. முக்காடு போட்டு எடுக்கலாம், முகம் நெற்றியிலிருந்து தாடை வரை தெளிவாகத் தெரிந்தால் போதும். பழைய போட்டோவை வெட்டி ஒட்டாதே, புதுசாக எடு.

வாப்பா
கீழக்கரை