முழு உறுப்பினராகச் சேர்த்துவிட்டு, கேட்காமல் இணை உறுப்பினராக மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
குளிர்சாதன டக்ட் மற்றும் பைப் பணி ஒப்பந்த நிறுவனம்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினர்,
மெக்கானிக்கல் ஒப்பந்ததாரர் சங்கம்,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 3.11.2025

பொருள்: உறுப்பினர் வகையை மாற்றியது, சமரசக் குழு மனுவை நிராகரித்தது, ஜி.எஸ்.டி. பில் தராதது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி நுழைவுக் கட்டணம் 15,000 ரூபாய், ஆண்டுச் சந்தா 25,000 ரூபாய், அவற்றுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 7,200 ரூபாய், ஆக மொத்தம் 47,200 ரூபாய் கட்டி உங்கள் சங்கத்தில் சேர்ந்தேன். ரசீதில் 'முழு உறுப்பினர் – ஒப்பந்ததாரர்' என்று இருக்கிறது. எட்டு நாள் கழித்து வந்த வரவேற்புக் கடிதத்திலும் அப்படியே இருக்கிறது. ஆனால் இன்று உங்கள் பதிவேட்டில் நான் 'இணை உறுப்பினர் – உற்பத்தியாளர்'. இந்த மாற்றத்தை நான் கேட்கவில்லை. மாற்றுவதற்கு முன் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக நான் 47,200 ரூபாய் கட்டவில்லை. என் போன்ற சிறு ஒப்பந்ததாரரிடம் முதன்மை ஒப்பந்த நிறுவனங்கள் நீட்டும் ஆர்டரில் ஒரு வரி இருக்கும்: கட்டிட உரிமையாளர் எங்களுக்குப் பணம் தந்த பிறகுதான் உங்களுக்குத் தருவோம். ஷீட் வாங்கிய கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். சனிக்கிழமை சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும் 34 பேரும் காத்திருக்க முடியாது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நான் ஒருவன் சொன்னால், ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். அடுத்த பட்டறையும் அதற்கடுத்த பட்டறையும் சேர்ந்து சொன்னால்தான் அந்த வரி போகும். அதற்குத்தான் சங்கம். உங்கள் அறிமுகப் புத்தகத்தில் பொது ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தயாரித்திருப்பதாகவும், பணத் தகராறு வந்தால் சமரசக் குழு 30 நாளுக்குள் இரு தரப்பையும் அழைத்துப் பேசும் என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் நம்பித்தான் சேர்ந்தேன்.

என் தகராறு இதுதான். ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டிடத்தில் டக்ட் (குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகட்டுக் குழாய்), சில்டு வாட்டர் பைப் (குளிரூட்டிய தண்ணீர் ஓடும் குழாய்) வேலையை ஒரு முதன்மை ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து எடுத்துச் செய்தேன். ஆர்டர் மதிப்பு 1 கோடியே 42 லட்சம். 2024 ஜனவரியில் கமிஷனிங், அதாவது இயக்கிப் பார்த்துச் சரிசெய்யும் வேலையை முடித்து ஒப்படைத்தேன். ஒப்படைப்புச் சான்றில் அவர்களின் கையெழுத்து இருக்கிறது. கடைசி பில்லில் 11 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் நிற்கிறது. குறைபாடு வந்தால் சரிசெய்வதற்கு உத்தரவாதமாகப் பிடித்துவைத்த 5 சதவீத ரிடென்ஷன் பணம் 7 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். ஓராண்டு குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அந்த ஓராண்டில் வந்த இரண்டு புகார்களையும் அன்றைக்கன்றே ஆள் அனுப்பிச் சரிசெய்திருக்கிறேன். மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லாததால், 18 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்காக மார்ச் 3-ஆம் தேதி உங்கள் சமரசக் குழுவுக்கு மனு அனுப்பினேன்.

மார்ச் 14-ஆம் தேதி பதில் வந்தது. 'தங்களுக்குச் சொந்தமாக டக்ட் தயாரிக்கும் பட்டறை இருப்பதால் தாங்கள் உற்பத்தியாளர் வகையில் இணை உறுப்பினராக வகைப்படுத்தப்பட்டுள்ளீர்கள். சமரசக் குழு முழு உறுப்பினர்களுக்கு மட்டுமே' என்று அதில் இருந்தது. சேர்ந்த ஆகஸ்டிலிருந்து ஏழு மாதம் நான் முழு உறுப்பினர். மனுப் போட்ட பதினோராவது நாள் நான் உற்பத்தியாளர் ஆகிவிட்டேன். என் பட்டறை அந்த ஏழு மாதமும் அதே இடத்தில்தான் இருந்தது. விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் அதைப் பற்றி நானே எழுதியும் இருக்கிறேன்.

பட்டறை இருப்பதால் ஒருவன் ஒப்பந்ததாரன் இல்லை என்று சொல்வது என் தொழிலையே அறியாமல் சொல்லும் பேச்சு. செயற்குழுவில் இருப்பவர்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்பதால்தான் இது எனக்கு அதிகம் வலிக்கிறது. டக்ட் விற்பவருக்கு லாரியில் ஏற்றியதும் வேலை முடிந்தது. எனக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. வரைபடத்தில் நேராக ஓடும் டக்டுக்குக் குறுக்கே சைட்டில் பீம் வரும், தீயணைப்பு ஸ்பிரிங்ளர் குழாய் வரும், மின்சாரக்காரரின் கேபிள் தட்டு வரும். ஃபால்ஸ் சீலிங் உயரம் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது என்பார் ஆர்க்கிடெக்ட். அங்கேயே அளந்து, இரவோடு இரவாகப் பட்டறையில் 24 கேஜ் ஜி.ஐ. ஷீட்டில் தடையை விலகிப் போகும் புதிய டக்ட் துண்டு (ஆஃப்செட்) செய்து, விடியும்முன் ஏற்றி மாட்ட வேண்டும். சொந்தப் பட்டறை இல்லாதவர் அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொள்வார். பைப்பில் காற்றை வெளியேற்ற மேட்டில் ஏர் வென்ட், நீரை வடிக்கப் பள்ளத்தில் டிரெய்ன் வைத்து, பைப் வழக்கமாக இயங்கும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசியில் காற்று வெளிவரும் ஒவ்வொரு கிரில்லாக, காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைப் பிடித்துக் காற்றின் அளவைச் சரிசெய்ய வேண்டும். அறுவைச் சிகிச்சை அறையில் காற்றின் கணக்கு தவறினால் நோயாளிக்குக் கிருமித்தொற்று வரக்கூடும். இத்தனைக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறவன் ஒப்பந்ததாரன் இல்லையென்றால் வேறு யார்?

நான் தொழில் கற்றது நூற்பாலைகளில். நூல் அறுந்துவிடாமல் இருக்க ஆலைக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 55-லிருந்து 65 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அந்த ஈரக்காற்றைக் கொண்டுபோகும் டக்டுக்குத் தகடு வளைத்துத்தான் கோவையில் என் போன்ற நிறையப் பேர் இந்தத் தொழிலுக்கு வந்தோம். பட்டறையும் சைட்டும் எங்களுக்கு ஒரே தொழில். இன்று பட்டறை இருப்பதைக் காரணம் காட்டி என்னை விலக்கினால், இந்த ஊரில் பாதிப் பேரை நீங்கள் விலக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. என்னை இணை உறுப்பினராக்கியது உண்மையான முடிவு என்றால், ஏப்ரல் மாதம் எனக்கு அனுப்பிய புதுப்பிப்புக் கோரிக்கையில் ஏன் 25,000 ரூபாயும் ஜி.எஸ்.டி. 4,500 ரூபாயும் கேட்டீர்கள்? அது முழு உறுப்பினருக்கான சந்தா. இணை உறுப்பினருக்கு உங்கள் புத்தகத்தில் 10,000 ரூபாய்தான். உரிமை கேட்டால் இணை உறுப்பினர், பணம் வாங்கும்போது முழு உறுப்பினர் என்றால் அது எந்த விதியில் இருக்கிறது? இதைக் கேட்டு ஏப்ரல் 21-ஆம் தேதி எழுதினேன். பதில் இல்லை. அதனால்தான் புதுப்பிப்புத் தொகையைக் கட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் கோவையில் நடந்த உங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தேன். மேடையின் பின்புறப் பேனரில் புரவலர் உறுப்பினர்கள் வரிசையில் எனக்குப் பணம் தர வேண்டிய அதே நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மனுவை நிராகரித்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் மனு கிடைத்த நாளிலேயே 'எதிர்த்தரப்பு எங்கள் புரவலர்' என்று நீங்கள் எனக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அதை மறைத்தது தவறு.

உங்கள் அலுவலகத் தொலைபேசியில் பேசிய தம்பி நல்ல எண்ணத்தோடு எனக்கு ஒரு யோசனை சொன்னார். சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு, அதனால் அதற்கான அரசின் சமாதான் இணையதளத்தில் மனுப் போடுங்கள் என்றார். அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். சிறு நிறுவனம் என்பதற்கான அரசின் உத்யம் பதிவும் என்னிடம் இருக்கிறது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று சில உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன என்பதை என் வழக்கறிஞர் காட்டினார். எங்கள் ஆர்டர்கள் எல்லாமே அப்படிப்பட்டவை. ஆர்டர் வாங்கும்போதே பொருளையும் வேலையையும் பிரித்து எழுதி வாங்க வேண்டுமா, அப்படி எழுதினால் வரியில் என்ன மாறும் என்று சங்கத்திடம் எழுதிக் கேட்டேன். இது நூற்றுக்கணக்கான உறுப்பினர்களைப் பாதிக்கும் கேள்வி. ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கருத்து வாங்கி அனைவருக்கும் சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்கும் பதில் வரவில்லை. செப்டம்பர் 22 முதல் ஏ.சி. இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோதும், பழைய ஆர்டர்களுக்கு எந்த விகிதத்தில் பில் போடுவது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆடிட்டரைத் தேடி ஓடினோம்.

பயிற்சி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவையில் நடப்பதாகச் சொன்ன பயிற்சி நடக்கவே இல்லை. ஏ.சி.யில் பயன்படும் ஆர்-32 என்ற குளிர்பதன வாயுவைக் கையாளும் பயிற்சி என்று சென்னைக்கு அழைத்தீர்கள். என் பட்டறைப் பையன்கள் இருவரைச் செலவு செய்து அனுப்பினேன். அங்கே நடந்தது ஒரு கம்பெனியின் புதிய மாடல் விளக்கம். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வாயு. தீப்பற்றாத பழைய ஆர்-22 வாயுவில் பழகிய கை அதே வழக்கத்தில் பற்றவைக்கும் நெருப்பு டார்ச்சைப் பிடித்தால் உயிருக்கு ஆபத்து. அந்தப் பையன்களின் பெற்றோருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன்.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்தியது ஜூலையில் நடந்தது. ஈரோட்டில் கட்டப்படும் ஒரு மருத்துவமனையின் ஆலோசகர் என்னிடம் சங்க உறுப்பினர் சான்று கேட்டார். நீங்கள் தந்த வரவேற்புக் கடிதத்தை வேறு எதையும் யோசிக்காமல் கொடுத்தேன். அவர் உங்கள் அலுவலகத்தில் விசாரித்தபோது 'அவர் ஒப்பந்ததாரர் இல்லை, உற்பத்தியாளர்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் கோபப்படவில்லை. 'நீங்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாமே' என்று மட்டும் சொன்னார். 27 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்; அளவில் தவறு வந்திருக்கிறது, தேதி தள்ளிப்போயிருக்கிறது. பொய் சொன்னான் என்று இதுவரை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டியதால் அந்தப் பெயர் எனக்கு வந்தது. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

நான் கேட்பவற்றை எழுதுகிறேன். என் உறுப்பினர் வகையை, நான் சேர்ந்த நாளிலிருந்தே 'முழு உறுப்பினர் – ஒப்பந்ததாரர்' என்று திருத்தி எழுத்தில் தர வேண்டும். அப்படித் திருத்தியதை அந்த ஈரோடு ஆலோசகருக்கும் ஒரு கடிதமாக நீங்களே அனுப்ப வேண்டும். மார்ச் 3-ஆம் தேதி மனுவைச் சமரசக் குழு எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பு நிறுவனத்தோடு தொடர்புடைய யாரும் அந்த அமர்வில் உட்காரக் கூடாது. என் வகையை மாற்றிய தீர்மானத்தின் நகலையும் சங்கத்தின் துணைவிதிகளின் நகலையும் அனுப்ப வேண்டும். தீர்மானமே இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் காத்திருக்காது. நான் கட்டிய 7,200 ரூபாய் ஜி.எஸ்.டி.க்கு உங்களிடமிருந்து என் ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய முறையான பில் இன்றுவரை வரவில்லை, எனக்கு பில் போட்டவர்கள் தாக்கல் செய்ததைக் காட்டும் என் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலிலும் அது வரவில்லை. 2024–25 நிதியாண்டுக்கான உள்ளீட்டு வரியை, அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையை, இந்த நவம்பர் 30-க்குப் பிறகு நான் எடுக்க முடியாது. நீங்கள் போட்ட பில்களைக் காட்டும் அக்டோபர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 கணக்கை நீங்கள் தாக்கல் செய்யும் கடைசி நாள் 11-ஆம் தேதி. அதற்குள் இதை ஏற்றிவிடுங்கள். தொகை சிறியதுதான், ஆனால் என்னிடம் வாங்கிய வரியை அரசுக்குக் கட்டினீர்களா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

மற்றவற்றுக்கு இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் தருகிறேன். செய்ய விருப்பமில்லை என்றால், என்னை ஒப்பந்ததாரராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய 47,200 ரூபாயை முழுவதும் திருப்பித் தந்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் கொடுத்துப் புகார் செய்வேன். சங்கத்தை விட்டுப் போக எனக்கு மனமில்லை. எங்கள் ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேர் சேரலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்; உங்கள் பதில் வரும்வரை பொறுத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
உரிமையாளர்

இணைப்பு: ரசீது, வரவேற்புக் கடிதம், விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம், மார்ச் 3 மனு, மார்ச் 14 பதில், ஏப்ரல் புதுப்பிப்புக் கோரிக்கை, ஒப்படைப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள்.